ரேடியோ பட்டதாரி

“ரேடியோவைக் குடுங்க அண்ணா.”

கேட்டேவிட்டாள். அந்த வீட்டில் வாயைத் திறந்து எதையும் கேட்கக் கூடாது என்று பஸ் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை, கேட்டைத் திறக்கும்போது கையைக் கிள்ளி ஒரு தடவை அம்மா சொல்லியிருந்தாள். கிள்ளிய இடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சோபா நுனியில் உட்கார்ந்திருந்த அம்மா, தனக்கும் இந்தப் பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

“எந்த ரேடியோ?” என்றான் அண்ணன்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவன் இல்லை, பெரியப்பா மகன். இருபது வருஷம் வேறு ஊரில் வேலை பார்த்தவன். பெரியப்பா காலமான மறுவாரம் மனைவி, பெட்டி, படுக்கை எல்லாவற்றோடும் வந்து இறங்கி, வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, “இதை இடிச்சா எட்டு வீடு கட்டலாம்” என்று கணக்குப் போட்டுவிட்டான்.

“லெட்டர்ல இருக்கிற ரேடியோ” என்றாள் அவள்.

பெரியப்பாவுக்குத் தந்தி ஆபீசில் முப்பத்தாறு வருஷ வேலை. தந்தி என்ற ஒன்றே உலகத்தில் இல்லாமல் போன பிறகும் அவர் கை தந்திதான் எழுதியது. கல்யாண வாழ்த்து என்றால் மூன்று வார்த்தை. மளிகைக் கடைக்காரருக்கு எழுதினாலும் வினைச்சொல் அபூர்வம். படுக்கைக்குப் பக்கத்து மேஜையில் அவர் விட்டுப்போன கடைசிக் காகிதமும் அப்படித்தான். கீழே அவர் கையெழுத்து, சாட்சியாக ஆபீஸ் நண்பர் ஒருவரின் கையெழுத்து. மேலே இவ்வளவுதான்:

வீடு மகன். பீரோ மருமகள். ரேடியோ பட்டதாரி. அவள்தான் கேட்பாள். கைவிடவேண்டாம்.

பட்டதாரி இவள்தான். அந்தக் குடும்பத்தில் இவளுக்கு முன்னால் யாரும் டிகிரி முடித்ததில்லை. அண்ணன் டிப்ளமோ வரை போய், மூன்று பேப்பரை இன்றுவரை பாக்கி வைத்திருந்தான். இவள் வேதியியலில் பட்டம் வாங்கிய நாளிலிருந்து வீட்டில் அதுவே பேராகிவிட்டது. “பட்டதாரி வந்தாச்சு, எல்லாரும் வாயைப் பொத்திக்கோங்க.” “பட்டதாரிக்குப் பால் காய்ச்சத் தெரியுமா?” சொல்கிறவர்கள் எல்லாரும் ஒரு சிரிப்பை ஒட்டித்தான் சொல்வார்கள். சிரிப்பை ஒட்டாமல் அந்தச் சொல்லை எழுதியது இந்தக் காகிதம் ஒன்றுதான். பீரோவைப் போல, வீட்டைப் போல, அவளுக்கும் ஒன்று என்று அவர் நினைத்திருக்கிறார். அதனால்தான் அந்த ரேடியோ அவளுக்கு வேண்டும். உடைந்திருந்தாலும் வேண்டும்.

அண்ணி காகிதத்தை வாங்கி இன்னொரு தடவை படித்தாள். “அவள்தான் கேட்பாள்னு எழுதியிருக்காரு பாருங்க. இவ வந்து நின்னு சண்டை போட்டுக் கேப்பான்னு மாமாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு.”

“பாட்டுக் கேப்பேன்னு அர்த்தம் அண்ணி.”

“நீ என்னைக்குடி பாட்டுக் கேட்டே?” அம்மா மின்விசிறியிலிருந்து இறங்கி வந்தாள். “மனுஷங்க பேசுறதையே கேக்க மாட்டே.”

தேடல் ஆரம்பமானது. அண்ணி முதலில் குளியலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ரேடியோவை எடுத்து வந்தாள். பேட்டரி மூடி இல்லை, ஏரியலுக்குப் பதில் ஒரு குடைக்கம்பி. “இதுவும் ரேடியோதானே?” இவள் திருப்பிக் கொடுத்தாள். அடுத்து அலாரக் கடிகாரம் ஒன்று. “இதுலயும் பாட்டு வரும்.” அதையும் திருப்பிக் கொடுத்தாள்.

சமையலறை வாசலில் அத்தை நின்றிருந்தாள். பெரியப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகாதவள். கடைசிவரை அண்ணனும் தங்கையுமாக அந்த வீட்டில் இரண்டு பேர்தான். அத்தையிடம் எதைக் கேட்டாலும் பதில் உண்டு. ஆனால் உடனே கிடையாது. கேள்வி உள்ளே போக வேண்டும், ஓர் இடம் பார்த்து உட்கார வேண்டும், அதற்குப் பிறகுதான் பதில் கிளம்பும். அதற்குள் கேட்டவர் வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பார். காலையில் “டீ வேணுமா அத்தை?” என்று கேட்டால், டம்ளர்களைக் கழுவிக் கவிழ்க்கும்போது “அரை டம்ளர் போதும்” என்பாள். வந்த மூன்றாம் நாளே அண்ணி அவளைச் செவிடு என்று முடிவு கட்டிவிட்டாள். காது பாம்புக் காது என்பது யாருக்கும் தெரியாது.

“அத்தை, பெரியப்பாவோட ரேடியோ எங்க இருக்கு?” என்று கேட்டாள் அவள்.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். கண் லேசாகப் பெரிதானது. அவ்வளவுதான். கேட்டவளுக்குப் பொறுமை இல்லை. ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறிவிட்டாள்.

இருந்தது. பழைய சூட்கேஸ்களுக்குப் பின்னால், போர்வை சுற்றி. ஒரு மனுஷனே உள்ளே உட்காரலாம் போலத் தேக்குப் பெட்டி. முன்னால் துணி போர்த்திய முகம், கீழே நான்கு திருகுகள், நடுவில் கண்ணாடி. கண்ணாடியில் உலகத்து ஊர்ப் பேரெல்லாம் பொன் எழுத்தில் வரிசையாக. இறக்குவதற்குள் அண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

“இது எப்ப இருந்து இங்க இருக்கு?” என்றான். யாருக்கும் தெரியவில்லை.

“எடுத்துட்டுப் போ தாயே, இடமாவது காலியாகும்” என்றாள் அண்ணி. அவள் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. “அப்படியே அத்தையையும் ஒரு ரெண்டு நாள் வெச்சுக்கோயேன். வீட்டைப் பார்க்க ஆளுங்க வர்றாங்க. வாசல்ல நின்னு அவங்களையே பார்த்துட்டிருந்தா நல்லாவா இருக்கும்?”

வாடகை வண்டியில் பின் இருக்கையில் ரேடியோவும் அம்மாவும். முன் இருக்கையில் அவள். நடுவில் கிடைத்த இடத்தில் அத்தை. இரண்டு தெரு தாண்டி வண்டி திரும்பும்போது அத்தை சொன்னாள்:

“இங்கதான்.”

“என்ன இங்கதான்? இன்னும் ரொம்ப தூரம் இருக்கு” என்றாள் அம்மா.

அத்தை அதற்கும் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் வீடு வந்துவிட்டது.

*

வீடு என்றால் மாடியில் இரண்டு அறை. கீழே வீட்டுக்காரர். ரேடியோவைத் துணிமணிப் பெட்டிமேல் வைத்தார்கள். வேறு எதுவும் அதைத் தாங்காது.

அவளுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்கப் பாட்டில்களில் வரும் தண்ணீரைச் சோதித்து, படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ‘தகுதியுடையது’ அல்லது ‘தகுதியற்றது’ என்று எழுதுவாள். நடுவில் மூன்றாவது பதில் கிடையாது. ரேடியோவுக்கும் அப்படியே ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள். மாதிரி: வால்வு ரேடியோ. பெறப்பட்ட நிலை: தூசி. பழுது பார்க்கத் தகுதியுடையதா? கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

“இப்படியே பிளக்கைச் சொருகாதேன்னு கடைக்காரர் யாரோ யூடியூப்ல சொன்னாருடி” என்றாள் அம்மா.

“சும்மா போட்டுப் பார்க்காம எப்படித் தெரியும்? அத்தை, நீங்க சொல்லுங்க. போடட்டுமா?”

அத்தை யோசித்தாள். இவள் போட்டாள்.

டமால். ரேடியோவின் முதுகிலிருந்து வெள்ளைப் புகை நூல்போல எழுந்து, நின்று, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கலைந்தது. விளக்கு போனது. கீழ் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷின் கீச்சென்று நின்றது. “யாரது?” என்று வீட்டுக்காரரின் குரல் படியேறி வந்தது.

“வேண்டாம்” என்றாள் அத்தை.

*

ரிப்பேர்காரரின் கடை, ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்து நின்றால் தலையில் இடிக்கும் என்பதால் வாடிக்கையாளர்களும் குனிந்தே பேசுவார்கள். அதனால் அவருக்குப் பேரம் சுலபம். பின்பலகையைக் கழற்றிப் பார்த்தார். கண்ணாடிக் குழல்கள் ஐந்து, மண்டை கறுத்துப் போய் நின்றன.

“கேக்கணுமா, பாக்கணுமா?” என்றார்.

“என்ன?”

“பாக்கணும்னா தூசி தட்டி மேல வெச்சுக்கோ. அழகா இருக்கும். கேக்கணும்னா உள்ளே இருக்கிற பாதியைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடணும்.”

“ரெண்டும் வேணும்.”

“அப்ப ரெண்டும் கெட்டுப்போகும்.”

“முடியுமா முடியாதான்னு சொல்லுங்க. நான் நாளைக்கு வேலைக்குப் போகணும்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். “இது வால்வு செட்டும்மா. உன்னை மாதிரி அவசரக்காரிக்குச் செஞ்சது இல்லை. சுவிட்சைப் போட்டா உள்ளே கம்பி சூடாகணும். சூடாகி, சிவந்து, அப்புறம்தான் வாயைத் திறக்கும். அந்தக் காலத்துல சுவிட்சைப் போட்டுட்டுப் போய் முகம் கழுவிட்டு வருவாங்க.”

“பழுது பார்க்கலாமா, வேண்டாமா?”

“யாரோட செட்டு?”

“என்னோடது” என்றாள். “எங்க பெரியப்பா எனக்குன்னு எழுதி வெச்சது.”

“அப்ப என்னை ஏன் கேக்கிறே?” என்று திருப்புளியைக் கையில் எடுத்தார்.

நான்கு நாளில் ரேடியோ திரும்பி வந்தது. சுவிட்சைப் போட்டார்கள். ஒன்றுமில்லை. “ஏமாத்திட்டான்” என்று அம்மா சொல்லி முடிக்கவும், அது வாயைத் திறந்தது. ம்ம்ம்ம்ம்ம். நிறுத்தாமல், கோபமாக, எதையும் சொல்லாமல். “உன்னை மாதிரியே இருக்கு” என்றாள் அம்மா.

மறுநாள் அவள் வேலைக்குப் போயிருந்த நேரம், அம்மா நல்ல எண்ணத்தில் ஒரு காரியம் செய்தாள். ஈரத்துணியை எடுத்து ரேடியோவைத் துடைத்தாள். பெட்டி பளபளத்தது. கண்ணாடியை உள்பக்கமும் துடைத்தாள். சாயங்காலம் அவள் வந்து பார்த்தபோது ஊர்ப்பேர்களில் பாதியைக் காணோம்.

“அம்மா! கிழக்கு முழுக்க எங்கம்மா?”

“அழுக்குன்னு நெனச்சேன்டி.”

“பாதி உலகத்தைத் துடைச்சு வெச்சிருக்கே!”

“மீதி பாதி இருக்கு இல்ல? நீ எங்க போகப் போறே?”

அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தத் துணியைக் கையில் வாங்கி, அதில் ஒட்டியிருந்த பொன்தூளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் என்று வந்தவள். பத்து நாளாகிவிட்டது. அண்ணி போன் செய்யும்போதெல்லாம் “இன்னும் ஒரு ரெண்டு நாள்” என்பாள். யாரும் எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். அத்தை இருப்பது தெரியாது. காய்கறி நறுக்கியிருக்கும். துணி மடித்திருக்கும். அவ்வளவுதான்.

*

உறுமல் போனது, ரிப்பேர்காரர் வீட்டுக்கே வந்து இரண்டாம் முறை கை வைத்த பிறகு. அதற்குப் பதில் கரகரப்பு வந்தது. எந்தப் பக்கம் திருகினாலும் எண்ணெயில் எதையோ போட்டதுபோலச் சத்தம்.

“செட்டு மேல தப்பில்லை. உங்க வீட்டு மேலதான் தப்பு” என்றார் ரிப்பேர்காரர். “எல்.இ.டி. பல்பு, வைஃபை, போன் சார்ஜர், எல்லாம் இதுக்கு எதிரி. அணைச்சுப் பாருங்க. மாடியில ஒரு நீளக் கம்பி கட்டுங்க.”

அணைத்தார்கள். கொஞ்சம் தேவலை. ஃபிரிட்ஜை அணைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தேவலை. இனி எதிரி கீழ் வீட்டில்தான். அவள் இறங்கிப் போனாள்.

“சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் உங்க விளக்கை எல்லாம் அணைக்க முடியுமா அங்கிள்? இன்வெர்ட்டரையும்.”

வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். “ஏம்மா பட்டதாரி, வாடகைக்கு இருக்கிறது நீயா, நானா?”

“பாட்டுக் கேக்கணும், அதான்.”

“பாட்டுக் கேக்கணும்னா போன்ல கேளு. எங்களையெல்லாம் குருடாக்கிட்டுத்தான் நீ கேக்கணுமா?”

மொட்டைமாடியில் கம்பி கட்டினாள். கொடிக்கம்பி என்று நினைத்து வீட்டுக்காரர் மனைவி அதில் துணி காயப்போட்டாள். அன்றைக்குத்தான் அதிசயம் நடந்தது. நாலு ஈரப் போர்வை தொங்கியபோது ரேடியோ தெளிவாகப் பேசியது. முழுசாக ஒரு மனுஷக் குரல். தெரியாத பாஷையில் யாரோ ஒருவர் நிதானமாக ஏதோ சொல்லிக்கொண்டே போனார். மூன்று பெண்களும் மூச்சு விடாமல் உட்கார்ந்து கேட்டார்கள். போர்வை காயக் காயக் குரல் தேய்ந்தது. காய்ந்ததும் போய்விட்டது.

“என்னடி சொன்னான்?” என்றாள் அம்மா.

“யாருக்குத் தெரியும்?”

பாத்திரம் கழுவி, அடுப்பைத் துடைத்து, பாய் விரித்த பிறகு அத்தை சொன்னாள்: “வானிலை.”

“பாஷை தெரியுமா அத்தை?”

அவள் கேட்டுவிட்டுப் பல் விளக்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது அத்தை காத்திருந்தாற்போல், “பாஷை எதுக்கு? கவலைப்பட்டுப் பேசினா வானிலை. கவலைப்படாம பேசினா செய்தி” என்றாள்.

அவள் சிரித்துவிட்டாள். மறுநாள் வீட்டுக்காரர் மனைவியிடம் போய், தினமும் சாயங்காலம் போர்வை துவைக்க முடியுமா என்று கேட்டாள். அதோடு கம்பியையும் அவிழ்த்துவிட்டார்கள்.

*

பரிசோதனைக் கூடத்தில் அவள் காட்டிய ரேடியோ படத்தை யாரோ இணையத்தில் போட்டதில், பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். பெட்டியைத் தடவினார். பின்பலகையைத் திறந்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“யார் இதுக்குள்ளே புதுசு போட்டது?”

“ரிப்பேர் பண்ணினோம்.”

“கொலை பண்ணியிருக்கீங்க. கண்ணாடியில எழுத்து எங்கே?”

“எங்கம்மா துடைச்சுட்டாங்க.”

அவர் அம்மாவைப் பார்த்த பார்வையில் அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். ஆனாலும் கடைக்காரர் எழுந்து போகவில்லை. இந்த மாதிரி பெட்டி இப்போது எங்கேயும் இல்லையாம். உள்ளே காலியாக இருந்தாலும் பெட்டிக்காகவே வாங்க ஆள் இருக்கிறதாம். அவள் விற்கிற எண்ணமில்லை என்றாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் அம்மாவுக்குப் பெருமை பொறுக்கவில்லை. அன்றைக்கே அண்ணிக்குப் போன் போட்டு, “குப்பைன்னு குடுத்தியே, அதைத் தேடி ஆளுங்க வீட்டுக்கே வர்றாங்க” என்றாள்.

பத்து நிமிஷத்தில் அண்ணன் கூப்பிட்டான். “ஞாயித்துக்கிழமை ரேடியோவை எடுத்துட்டு வா. அத்தையையும் கூட்டிட்டு வா.”

*

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி. பெரியப்பா வீட்டு ஹாலில், ரேடியோ டீப்பாய்மேல் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் எல்லாரும் நின்றார்கள்.

“லெட்டர்ல ‘ரேடியோ பட்டதாரி’ன்னு இருக்கு. எந்த ரேடியோன்னு இருக்கா?” என்றான் அண்ணன். “குளியலறை ரேடியோவா, பரண் ரேடியோவா? அப்பா தெளிவா எழுதலை.”

“போன மாசம் குப்பைன்னு சொன்னது எந்த ரேடியோ?”

“வாய் மட்டும் குறையலை” என்றாள் அண்ணி.

“சண்டை வேண்டாம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவரை வரச் சொல்லியிருக்கேன். அப்பாவோட தந்தி ஆபீஸ் நண்பர். அவர் எதிரிலதான் எழுதியிருக்காரு. எந்த ரேடியோன்னு அவர் வந்து சொல்லட்டும். நாலரைக்கு வர்றேன்னிருக்காரு.”

“வரட்டும்” என்றாள் அவள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த சண்டைக்கு இதுதான் இடம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அப்போதுதான் கதவோரம் ஒரு சூட்கேஸ் கண்ணில் பட்டது. கைப்பிடியில் சீட்டு கட்டி, அதில் அத்தையின் பெயர்.

“இது என்ன?”

“அத்தைக்கு ஹோம்ல இடம் கிடைச்சிருக்கு. நாலு மணிக்கு வண்டி வருது” என்றான் அண்ணன். “வீட்டை இடிக்கிறப்போ அவங்களை எங்க வெச்சுக்கிறது?”

“அத்தைகிட்ட கேட்டீங்களா?”

“நேத்து போன்ல கேட்டேனே. பதிலே பேசலை. சரின்னுதானே அர்த்தம்?”

“எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?”

அண்ணனுக்குக் கேள்வி புரியவில்லை. “என்ன எவ்வளவு நேரம்? கேட்டேன், பேசலை, வெச்சுட்டேன்.”

அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அத்தைக்கு எதிரில் உட்கார்ந்தாள். “அத்தை. உங்களை ஹோம்ல சேர்க்கிறாங்க. நீங்க போறீங்களா?”

அத்தை அவளைப் பார்த்தாள்.

அவள் காத்திருந்தாள். அந்தப் பெண் தன் வாழ்க்கையில் ஒரு பதிலுக்காக அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. கடிகாரத்தின் விநாடி முள் ஒரு சுற்று சுற்றியது. அண்ணன் ஏதோ சொல்ல வந்தான், விரலைக் காட்டி நிறுத்தினாள். அண்ணியின் போன் அடித்தது, அண்ணியே பயந்துபோய் அணைத்தாள். இரண்டாவது சுற்று. அம்மா எச்சில் விழுங்கிய சத்தம் கேட்டது. வெளியே ஏதோ வண்டி வந்து நின்று, விலாசம் தப்பு என்று தெரிந்து திரும்பிப் போனது. மூன்றாவது சுற்றில் பாதி.

“போக மாட்டேன்” என்றாள் அத்தை.

“பார்த்தீங்களா?”

“இரு” என்று அம்மா அவள் தோளை அமுக்கினாள். “இன்னும் வருது.”

வந்தது. “உன்கூட வரட்டுமா?”

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. இருபத்தெட்டு நாள் ஒரே அறையில் படுத்து எழுந்தவளிடம், போடட்டுமா, எங்கே, தெரியுமா என்று கேட்டுக் கேட்டுத் திரும்பிப் போன தன்மேலும்தான் கொஞ்சம். “கிளம்புங்க” என்று எழுந்தாள்.

“நில்லு, நில்லு” என்றான் அண்ணன். “அதெல்லாம் முடியாது. பெத்த மகன் மாதிரி நான் இருக்கும்போது வாடகை வீட்டுக்கு அனுப்பிட்டேன்னு நாளைக்கு நாலு பேரு பேசுவாங்க. ஹோம்னா கௌரவம். ரேடியோவை வித்துத்தான் அந்தச் செலவையே பார்க்கப் போறேன். சாட்சி வரட்டும். பேசி முடிச்சுட்டு எதுன்னாலும் முடிவு பண்ணலாம்.”

“அவர் வர்றது நாலரை. வண்டி வர்றது நாலு.”

“அதுக்கு நான் என்ன பண்ண? ரேடியோவும் வேணும், அத்தையும் வேணும்னா எப்படி? ஒண்ணு சொல்லு.”

அம்மா அவள் காதருகே வந்தாள். “அவசரப்படாதேடி. சாட்சி வந்தா ரேடியோ உனக்குத்தான்னு சொல்லிடுவாரு. அதுக்காகத்தானே இத்தனை பாடு?”

அதற்காகத்தான். அவள் ரேடியோவைப் பார்த்தாள். பளபளக்கும் பெட்டி, பாதி அழிந்த உலகம், உள்ளே புதுக் குடல். அந்தக் காகிதத்தில் அவளுடைய பங்கு. அதை விட்டால் அவள் மறுபடி எல்லாரும் சிரிக்கிற பட்டதாரிதான். கைப்பையைத் திறந்து, நான்காக மடித்து வைத்திருந்த படிவத்தை எடுத்தாள். காலியாக இருந்த கடைசிக் கட்டத்தில் பேனாவை அழுத்தி எழுதி, ரேடியோவின் தலையில் வைத்தாள்.

அண்ணன் எடுத்துப் படித்தான். “தகுதியற்றது. அப்படின்னா?”

“பழுது பார்க்கிற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். நீங்களே வெச்சுக்கோங்க. விப்பீங்களோ, தலையில தூக்கி வெச்சுக்குவீங்களோ, உங்க இஷ்டம். அத்தையை நான் கூட்டிட்டுப் போறேன். நாலு பேரு கேட்டா, தங்கச்சி அடாவடி பண்ணித் தூக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லுங்க. நம்புவாங்க.”

அண்ணன் வாயைத் திறந்தான். அண்ணி அவன் கையைப் பிடித்து அமுக்கினாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. அண்ணியின் இன்னொரு கை ஏற்கெனவே ரேடியோமேல் இருந்தது.

“எழுதிக் குடு” என்றாள் அண்ணி. “பின்னாடி வந்து ரேடியோ வேணும்னு நிக்கக் கூடாது.”

படிவத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். பெரியப்பா பாணியில், மூன்றே வார்த்தை: ரேடியோ வேண்டாம். பட்டதாரி.

சூட்கேஸை ஒரு கையிலும் அத்தையின் கையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு வாசற்படி இறங்கினாள். “வீட்டுக்காரர்கிட்ட என்னடி சொல்லப் போறே? படுக்க இடம் எங்கடி?” என்று புலம்பிக்கொண்டே அம்மா பின்னால் வந்தாள். வந்தவள், அத்தையின் செருப்பை மறக்காமல் எடுத்து வந்திருந்தாள்.

கேட்டைத் திறந்தபோது எதிரே ஒல்லியாக ஒரு பெரியவர், சட்டைப்பையில் இரண்டு பேனாவும் கையில் குடையுமாக, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். சாட்சி. அவள் ஒதுங்கி வழிவிட்டாள். இனி அவர் உள்ளே போய் எந்த ரேடியோ என்று சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன.

அவர் உள்ளே போகவில்லை. இவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, சூட்கேஸைப் பார்த்து, அத்தையின் முகத்தில் வந்து நின்று, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

“என்ன ரேடியோ, உங்க அண்ணன் எழுதி வெச்சபடியே பட்டதாரிகூடக் கிளம்பிட்டியா?”